எட்டாம் தளத்துக் காற்று

ஈத் விடுமுறை நான்கு நாள்.
அதற்குள் போய் வந்துவிடலாம் என்று
வெட்டி மிஞ்சிய டக்ட் தகட்டில்
மார்க்கரால் கணக்குப் போட்டிருக்கிறேன்.
தோஹாவிலிருந்து விமானம், பிறகு ராத்திரி பஸ்,
விடிந்தால் துருக்கியில் ஒரு சின்ன ஊர்,
அந்த ஊருக்கு அடியில் இன்னொரு ஊர்.

எட்டுத் தளமாம்.
மேலே அல்ல, கீழே.
படை வருகிறது என்றால்
ஆடு மாடு, அண்டா குண்டான், கைக்குழந்தை என்று
மொத்த ஊரும் இறங்கிப் போய்
மூச்சுக் காட்டாமல் இருந்ததாம்.

'மைனஸ் நாலில் பத்து மணி நேரம் நிற்கிறவன்
காசு கொடுத்து மைனஸ் எட்டுக்குப் போவானா?'
ஜெய்லானி குப்பூஸைப் பிய்த்தபடி கேட்டான்.
அறை சிரித்தது.
மேல்கட்டில் தில் பகதூருக்குத் தமிழ் தெரியாது,
அவனும் சிரித்தான்.

நியாயம்தான்.
வெஸ்ட் பேயில் எந்தக் கோபுரத்தைக் காட்டிக் கேட்டாலும்
அதன் கார் நிறுத்துமிடம்தான் எனக்குத் தெரியும்.
பதினாலு வருஷமாகக் காற்றைக்
கீழே இறக்குவதும் மேலே ஏற்றுவதும் பிழைப்பு.
மோட்டார் நின்றால்
இருபது நிமிடத்தில் சட்டை நனையும்,
நாற்பதில் ஃபோர்மேன் கத்துவார்,
அதற்கு மேல் யாரும் இருந்து பார்த்ததில்லை.

அவர்களிடம் மோட்டார் இல்லை.
உளி இருந்தது.
செங்குத்தாக ஒரு துளை, கிணறு மாதிரி,
அக்கம்பக்கத்தில் இன்னும் சில,
அவ்வளவுதான்.
எட்டாம் தளத்தில் குழந்தை தூங்கியிருக்கிறது.
எப்படி என்று பார்க்க வேண்டும்.

ஆபீஸில் குரியன் சார்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'லீவு ஊருக்கு இல்லையா?'
இல்லை.
'அங்கே சொந்தக்காரங்க?'
இல்லை.
பயண நோக்கம் என்ற கட்டத்தில்
காற்றைப் பார்க்க என்று எழுத முடியாது.
சுற்றுலா என்று அவரே எழுதினார்,
எழுதிவிட்டு என் பூட்ஸைப் பார்த்தார்.

அமலோற்பவத்திடம் சொன்னபோது
போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
'அங்க சம்பளம் கூடவா?'
வேலைக்கு இல்லை, சும்மா பார்க்க.
'சும்மாவா' என்று அந்த வார்த்தையை
விலை கேட்ட சேலையைத் திருப்பி வைப்பது போல வைத்தாள்.
வைத்துவிட்டு,
'குளிருமே, ஸ்வெட்டர் இருக்கா' என்றாள்.

ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.
அங்கே தளத்துக்குத் தளம் கல் சக்கரம்தான் கதவாம்.
உள்ளேயிருந்து உருட்டினால் அடையும்.
வெளியே நிற்கிறவன் எத்தனை பேரோடு வந்தாலும்
திறக்க முடியாதாம்.
சனையாவில் எங்கள் அறைக்கு
உள்தாழ்ப்பாள் கிடையாது.
கேம்ப் பாஸ் எந்த நேரமும் தலை எண்ண வருவார்,
எட்டுப் பேர், எட்டு ஜோடிச் செருப்பு, ஒரு டியூப் லைட்.
அந்தக் கல்லில் கை வைத்துக்
கொஞ்சம் தள்ளிப் பார்க்க விடுவார்களா?
கயிறு கட்டி வைத்திருப்பார்கள், அநேகமாக.

இன்னும் அறுநூற்று நாற்பது ரியால் வேண்டும்.
நேற்றுப் பார்த்த டிக்கெட்
இன்றைக்குத் தொண்ணூறு ஏறியிருக்கிறது.
விசா வந்தால்தான் எதுவும்.

தீப்பெட்டி ஒன்று எடுத்துப் போகலாம் என்றிருந்தேன்,
சுடர் எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்க்க.
விமானத்தில் விடமாட்டான் என்கிறான் ஜெய்லானி.
சரி.
கிரில்லில் ஒட்டி நாங்கள் காற்றைச் சோதிக்கிற
டிஷ்யூ தாளில் ஒரு கீற்றுக் கிழித்து
பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன்.
ஏசி ஊதும்போதெல்லாம்
அதன் நுனி மட்டும் வெளியே ஆடுகிறது.